ஒன்பது விருது, மூன்று பேர்: பேட் பெனட்டாரின் எண்பதுகள்

அமெரிக்காவின் கிராமி விருதுகளில் ராக் பாடகர்களுக்கென்று தனிப் பிரிவுகள் முதன்முதலாக வந்தது 1980-இல். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, குழுக்களுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். பெண்கள் பிரிவில் 1980 முதல் 1989 வரை ஒன்பது விருதுகள் வழங்கப்பட்டன. வாங்கியவர்கள் மூன்றே பேர். முதல் விருது டோனா சம்மருக்கு. அவரை உலகம் டிஸ்கோ ராணி என்றுதான் அறியும். அடுத்த நான்கும், 1981 முதல் 1984 வரை வரிசையாக, பேட் பெனட்டாருக்கு. மிச்சம் நான்கும் டினா டர்னருக்கு. நடுவில் 1988-இல் மட்டும் ஆண், பெண் பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். அந்த ஆண்டு விருது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்குப் போயிற்று.

இந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு, எண்பதுகளில் ராக் பாடிய பெண்களே இரண்டு மூன்று பேர்தான் என்று தோன்றும். ஆனால் 1982-இல் ஜோன் ஜெட்டின் ‘ஐ லவ் ராக் அண்ட் ரோல்’ ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஸ்டீவி நிக்ஸ் இருந்தார். ஹார்ட் குழுவின் வில்சன் சகோதரிகள் இருந்தார்கள். பிரிட்டெண்டர்ஸ் குழுவின் கிரிஸ்ஸி ஹைண்ட், முழுக்கப் பெண்களே இருந்த கோ-கோஸ் என்று பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆட்கள் நிறைய இருந்தார்கள். போட்டிருந்த நாற்காலிதான் ஒன்று. அதில் இடைவிடாமல் அதிக காலம் உட்கார்ந்தவர் பெனட்டார். அவருடைய ஆல்பங்களையும் ஹிட் பாடல்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ஒரு பாடகியின் வளர்ச்சியோடு அந்த நாற்காலியின் கதையும் தெரியவருகிறது.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1953-இல் பிறந்தவர் பாட்ரீசியா ஆண்ட்ரெஜெவ்ஸ்கி. அப்பா உலோகத் தகடு வேலை செய்தவர், போலந்து வம்சாவளி. அம்மா ஒரு காலத்தில் ஆபராவில் பாடியவர். மகளுக்கும் சிறுவயதிலேயே ஆபரா முறையில் குரல் பயிற்சி கிடைத்தது. உச்ச ஸ்தாயியில் சறுக்காமல் நிற்பதும், மூச்சை அளந்து செலவிடுவதும் அந்தப் பயிற்சியின் கொடை. பிறகு அவர் அதைத் தொடரவில்லை. பத்தொன்பது வயதில் ராணுவ வீரர் ஒருவரை மணந்து வர்ஜீனியாவுக்குப் போய், ரிச்மண்டில் வங்கிக் காசாளராக வேலை பார்த்தார். அந்த ஊருக்கு வந்த லைசா மினெல்லியின் கச்சேரியைக் கேட்ட பிறகு வேலையை விட்டுவிட்டுப் பாட வந்தார். முதல் திருமணம் நிலைக்கவில்லை. பெனட்டார் என்ற அந்தக் கணவரின் குடும்பப் பெயர் மட்டும் பிறகும் கூடவே வந்தது.

நியூயார்க் திரும்பியவர் ‘கேட்ச் எ ரைசிங் ஸ்டார்’ என்ற நகைச்சுவை மன்றத்தில் பாடத் தொடங்கினார். அதன் உரிமையாளர் ரிக் நியூமன் அவருடைய மேலாளரும் ஆனார். 1977 ஹாலோவீன் இரவில் நடந்ததைப் பெனட்டாரே பலமுறை சொல்லியிருக்கிறார். பழைய விண்வெளிப் படமொன்றின் பாத்திரம்போல உடலை ஒட்டிய கறுப்பு உடையும் கனத்த கண்மையுமாக மாறுவேடம் போட்டிருந்தார். உடையை மாற்ற நேரமில்லாமல் அப்படியே மேடையேறி, வழக்கமான பாடல்களையே பாடினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. குரல் அதேதான், பாட்டும் அதேதான். மாறியது உடுப்பு ஒன்றுதான். மறுநாள் முதல் அதுவே அவருடைய மேடை உடையாயிற்று. அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர். பிற்பாடு அதை வைத்துப் பிழைத்தவர்கள் வேறு பலர்.

கிறிசாலிஸ் நிறுவனம் 1978-இல் அவரை ஒப்பந்தம் செய்தது. முதல் ஆல்பமான ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ 1979 ஆகஸ்டில் வந்தது. மைக் சாப்மனும் பீட்டர் கோல்மனும் தயாரித்தார்கள். பிளாண்டி குழுவின் ‘பேரலல் லைன்ஸ்’ ஆல்பத்தைத் தயாரித்துப் புகழின் உச்சியில் இருந்தார் சாப்மன். பெனட்டாரின் இந்த முதல் ஆல்பத்தில் பாதிக்கு மேல் மற்றவர்களின் சரக்கு. ‘ஐ நீட் எ லவர்’ அப்போது ஜான் கூகர் என்று அறியப்பட்ட மெலன்கேம்ப்பின் பாட்டு. ஆலன் பார்சன்ஸ் பாட்டு ஒன்று, ஸ்மோக்கி குழுவும் ஸ்வீட் குழுவும் ஏற்கெனவே பாடியவை சில. பெயர் வாங்கித் தந்த ‘ஹார்ட்பிரேக்கர்’கூட இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். ஜெனி டாரன் என்ற பாடகி முந்தைய வருடம் பதிவுசெய்து கவனிக்கப்படாமல் போன பாட்டு அது. அமெரிக்கக் காதுக்குப் புரியாத சில பிரிட்டிஷ் சொற்களை மாற்றிப் பெனட்டார் பாடினார். 1980 தொடக்கத்தில் பில்போர்டின் முதல் நூறு பாடல்களில் 23-ஆம் இடம் வரை ஏறியது.

மற்றவர் பாட்டைப் பாடுவது குறையா என்று கேட்கலாம். நம் சினிமாப் பாடகர்களை அந்தக் கேள்வி தொடாது. ஆனால் பாடகரே எழுதினால்தான் பாடல் அசல் என்று ஒரு நம்பிக்கை அறுபதுகளிலிருந்து ராக் விமர்சகர்களிடம் இருந்தது. பெனட்டாரை அவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ‘ஹார்ட்பிரேக்கர்’ பாட்டின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த இளக்காரம் நிற்காது. டாரனுடையது கரகரப்பான நல்ல பாட்டு. பெனட்டாருடையதில் பல்லவி வரும் இடத்தில் குரல் ஒரு படி மேலே தாவி, கத்தலின் விளிம்பில் நின்றும் சுருதி பிசகாமல் அங்கேயே தங்குகிறது. ஆபரா வகுப்பில் கற்றது மின்சார கிட்டாருக்கு எதிரே பயன்படுவது அங்கே கேட்கிறது.

அந்த கிட்டாரை வாசித்தவர் நீல் ஜிரால்டோ, கிளீவ்லாந்து பக்கத்துப் பையன். முதல் ஆல்பத்துக்குக் குழு சேர்த்தபோது வந்து சேர்ந்தவர். அந்த ஆல்பத்தின் இரண்டாவது ஹிட்டான ‘வீ லிவ் ஃபார் லவ்’ அவர் எழுதியது. 1982 பிப்ரவரியில் இருவரும் மணந்துகொண்டார்கள். பாடலின் வேகம், கட்டமைப்பு, எந்த இடத்தில் கருவிகள் ஒதுங்கிக் குரலுக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அவருடைய கைவண்ணம். மூன்றாவது ஆல்பத்திலிருந்து தயாரிப்பாளர் என்று அவர் பெயரும் போடப்பட்டது. ஆனால் அட்டையில் ஒரு பெண்ணின் முகமும் ஒரு பெண்ணின் பெயரும் மட்டுமே இருந்தால் நல்ல விற்பனை என்பது நிறுவனத்தின் கணக்கு. தனியாக நின்று ஆண்களை முறைக்கும் பெண் என்ற பிம்பம் அப்படித்தான் உருவாயிற்று. ஒலித்தட்டில் இருந்ததோ குரலும் கிட்டாரும் சேர்ந்து செய்த வேலை.

இரண்டாவது ஆல்பமான ‘கிரைம்ஸ் ஆஃப் பேஷன்’ 1980 ஆகஸ்டில் வந்தது. தயாரிப்பு கீத் ஓல்சன். எண்பதுகளின் பெனட்டார் யார் என்பதற்கு இதுதான் முழு விடை. கனடாக்காரர் எடி ஸ்வார்ட்ஸ் எழுதிய ‘ஹிட் மீ வித் யுவர் பெஸ்ட் ஷாட்’ ஒன்பதாம் இடம் தொட்டது. அவருக்கு முதல் பத்துக்குள் வந்த முதல் பாட்டு. ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. 1981 ஜனவரியில் இரண்டாம் இடத்தில் ஐந்து வாரம் நின்றது, முதலிடம் கிடைக்கவில்லை. முன்னால் இருந்தது ஜான் லெனனும் யோகோ ஓனோவும் சேர்ந்து செய்த ‘டபுள் ஃபேண்டஸி’. 1980 டிசம்பர் 8-இல் லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட துக்கத்தில் உலகமே அதை வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வரிசையை யாராலும் தாண்டியிருக்க முடியாது.

இந்தத் தட்டின் முதல் பக்கம் முடியும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஹிட் மீ’ முடிந்த கையோடு ‘ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்’ தொடங்குகிறது. முன்னதில் அடி என்பது காதல் சவாலுக்கு ஓர் உருவகம். பின்னதில் அடி நிஜம்; வீட்டுக்குள் அடிவாங்கும் குழந்தைகளைப் பற்றிய பாட்டு. நியூயார்க் டைம்ஸில் வந்த குழந்தை வதைச் செய்திகளைப் படித்த பாதிப்பில் பெனட்டார், ஜிரால்டோ, பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் கேப்ஸ் மூவரும் எழுதினார்கள். மெதுவாக, கனமாகத் தொடங்கும் பாட்டு கடைசியில் திடீரென இரட்டை வேகத்தில் பாய்கிறது. அங்கே குரல் வார்த்தைகளை முடித்துவிட, கோபத்தை கிட்டாரும் டிரம்ஸும் வாங்கிக்கொள்கின்றன. இப்படியொரு விஷயத்தைப் பற்றி அன்றைய வானொலியில் பேசுவதே அபூர்வம். அமெரிக்காவில் சிங்கிளாக, அதாவது தனித்தட்டாக, வெளிவராத இந்தப் பாட்டை எஃப்எம் ராக் நிலையங்கள் ஆல்பத்திலிருந்தே எடுத்து ஒலிபரப்பின.

இங்கேதான் ஹிட் பட்டியல்கள் நம்மை ஏமாற்றுகின்றன. முதல் நூறு பட்டியல் சிங்கிள் விற்பனையையும் ஜனரஞ்சக வானொலியையும் சார்ந்தது. ராக் நிலையங்களோ ஆல்பத்தில் பிடித்த பாட்டையெல்லாம் போடுபவை. அவற்றின் நேயர்கள் பாட்டு வாங்க மாட்டார்கள், ஆல்பமாகத்தான் வாங்குவார்கள். பெனட்டாருக்கு முதல் நாற்பதுக்குள் பதினைந்து பாடல்கள் உண்டு. அவற்றில் முதல் பத்துக்குள் வந்தவை நான்கு. முதலிடம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கை மட்டும் வைத்து அவரை நடுத்தர வெற்றிக்காரர் என்பவர்கள், அவர் ஆல்பங்களின் விற்பனையைப் பார்க்காதவர்கள்.

1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நள்ளிரவில் எம்டிவி தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பானது பகிள்ஸ் குழுவின் பாட்டு என்பது வினாடி வினாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வந்தது பெனட்டாரின் ‘யூ பெட்டர் ரன்’. ஆக, அந்த அலைவரிசையில் தோன்றிய முதல் பெண் ராக் பாடகி அவர். முதலில் தோன்றிய கிட்டார் கலைஞர் ஜிரால்டோ. (எம்டிவி செயற்கைக்கோள் வழியே இந்தியாவுக்கு வந்தது 1991 வாக்கில். அதற்குள் பெனட்டாரின் காலம் போய்விட்டது. மடோனாவைத் தெரிந்த நம்மவர்களுக்கு இவரைத் தெரியாமல் போனதற்கு இந்தப் பத்து வருட இடைவெளி போதும்.)

அதே மாதம் மூன்றாவது ஆல்பமான ‘பிரெஷஸ் டைம்’ பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் அவருக்குக் கிடைத்த ஒரே முதலிடம். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் தொடக்கத்தில், ஸ்டீவி நிக்ஸின் ‘பெல்லா டோனா’ அதே இடத்துக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டு பெண் ராக் பாடகிகளை மக்கள் உச்சியில் வைத்தார்கள். ஆனால் அன்றைய ராக் வானொலியில் எழுதப்படாத ஒரு விதி நடைமுறையில் இருந்தது: ஒரு பெண்ணின் பாட்டுக்கு அடுத்து இன்னொரு பெண்ணின் பாட்டைப் போடாதே, நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார். ‘ஏற்கெனவே ஒரு பெண் பாட்டு ஓடுகிறது’ என்பது பாட்டை மறுக்கப் போதுமான காரணமாக இருந்தது. நேயர்கள் சகிக்க மாட்டார்கள் என்று நிலையத்தார் சொன்னார்கள். நேயர்களோ கடையில் இரண்டு தட்டுகளையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1981 கோடையின் விற்பனைப் பட்டியலைவிட அந்த விதிக்கு நல்ல மறுப்பு வேறில்லை.

‘பிரெஷஸ் டைம்’ முழுதும் சமமான ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். பீட்டில்ஸின் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ பாட்டைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பாட்டான ‘பிராமிசஸ் இன் தி டார்க்’ பெனட்டாரும் ஜிரால்டோவும் சேர்ந்து எழுதியவற்றில் தலையாயது. பியானோவும் குரலும் மட்டுமாக மெல்லத் தொடங்கி, காதல் சோகப் பாட்டுப்போல நம்மை உட்காரவைத்துவிட்டு, சட்டென்று கிட்டார் பாய்ச்சலாக மாறும். பட்டியலில் அது 38-ஆம் இடத்தோடு நின்றது என்பது பட்டியலுக்குத்தான் இழுக்கு. கிராமி கிடைத்தது அதே ஆல்பத்தின் ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ பாட்டுக்கு.

1982 நவம்பரில் வந்த ‘கெட் நெர்வஸ்’ நான்காம் இடம் வரை போனது. ‘ஷேடோஸ் ஆஃப் தி நைட்’ அடுத்த கிராமியைத் தந்தது. இரண்டாவது கிட்டார் போய்க் கீபோர்டு உள்ளே வந்தது இந்த ஆல்பத்தில்தான். வாசித்தவர் சார்லி ஜியோர்டானோ. மற்றபடி பழைய வார்ப்பிலேயே வந்த ஆல்பம். மூன்றேகால் ஆண்டுக்குள் நான்கு ஆல்பம், இடையிடையே ஊர் ஊராகக் கச்சேரி. ஒன்பது மாதத்துக்கு ஓர் ஆல்பம் என்று ஒப்பந்தம் விரட்டியதாகத் தன் நினைவுக் குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். களைப்பு தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1983-இல் ‘லைவ் ஃப்ரம் எர்த்’ என்ற கச்சேரிப் பதிவை வெளியிட்டார்கள். அதில் ஸ்டுடியோவில் செய்த இரண்டு புதுப் பாட்டுகளையும் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று ‘லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்’. ஹாலி நைட்டும் மைக் சாப்மனும் அதை மெதுவான பாட்டாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஜிரால்டோ வேகத்தைக் கூட்டி, டிரம் மெஷினை ஓடவிட்டு, நடன அரங்குக்கு ஏற்ற துடிப்பைப் பின்னணியில் வைத்தார். ராக் கிட்டார்க்காரர் ஒருவர் தன் கிட்டாரையே பின்னுக்குத் தள்ளிய பாட்டு இது. குரலும் வழக்கமான பாய்ச்சலை அடக்கிக்கொண்டு தாழ்ந்த ஸ்தாயியில், ஏறத்தாழப் பேசுவதுபோல நடக்கிறது. ஐந்தாம் இடம், ராக் நிலையங்களின் பட்டியலில் நான்கு வாரம் முதலிடம், ஆஸ்திரேலியாவிலும் முதலிடம்.

அதன் வீடியோவை இயக்கியவர் பாப் ஜிரால்டி, நடனம் மைக்கேல் பீட்டர்ஸ். அதே ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ செய்த ஜோடி. வீட்டில் அப்பாவோடு சண்டைபோட்டுக்கொண்டு ஒரு பெண் நகரத்துக்குப் பேருந்து ஏறுகிறாள். பெண்களை வைத்துப் பிழைக்கும் ஒருவனின் நடன விடுதியில் வந்து விழுகிறாள். அங்கே ஒருத்தியை அவன் கையைப் பிடித்து முறுக்கும்போது பெண்கள் எல்லோரும் சேர்ந்து, தோள்களைக் குலுக்கி ஆடியபடியே அவனைச் சுவரோரம் தள்ளுகிறார்கள். சண்டை இல்லை, ஆயுதம் இல்லை, ஆட்டமே எதிர்ப்பு. பிறகு விடிகாலைத் தெருவில் கலைந்துபோகிறார்கள். கதாநாயகி மறுபடியும் ஒரு பேருந்தில். பாட்டின் இடையே வசனம் வருவதும் அன்று புதுசு. அப்போது பெனட்டாருக்கு முப்பது வயது. வீட்டை விட்டு ஓடும் சிறுமியாக நடிக்க வேண்டிய வயதில்லை. நடிப்பும் ஆட்டமும் தேர்ந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்கள் கூட்டம் ஒன்றாகத் திரும்பி நடந்துவரும் காட்சி நாற்பது வருடம் கழித்தும் நிற்கிறது.

பாட்டை எழுதிய ஹாலி நைட்டை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1984-இல் பெனட்டாருக்கு நான்காவது கிராமியைத் தந்தது இந்தப் பாட்டு. அடுத்த ஆண்டு டினா டர்னர் வாங்கிய விருது ‘பெட்டர் பி குட் டு மீ’ பாட்டுக்கு. அதை எழுதியவர்களில் ஒருவர் ஹாலி நைட். அதற்கடுத்த ஆண்டு டர்னரின் ‘ஒன் ஆஃப் தி லிவிங்’. எழுதியவர் மறுபடியும் ஹாலி நைட். நாற்காலியில் ஆள் மாறியது, எழுதிய கை மாறவில்லை. ஹார்ட் குழுவின் ‘நெவர்’ பாட்டிலும், டர்னர் பிற்பாடு பாடிப் புகழடைந்த ‘தி பெஸ்ட்’ பாட்டிலும் அவர் பங்கு உண்டு. எண்பதுகளின் பெண் ராக் குரல் என்று நாம் நினைக்கும் அந்தத் தோரணையில் கணிசமான பகுதி இந்த ஒருவர் மேசையிலிருந்து வந்தது. பாடகியைப் பற்றி எழுதியவர்களில் பலர் பாடலாசிரியையைக் கவனிக்கவில்லை.

1984 நவம்பரில் ‘டிராபிகோ’ வந்தபோது பெனட்டார் கர்ப்பிணியாக இருந்தார். 1985 பிப்ரவரியில் மகள் பிறந்தாள். கர்ப்பத்தை நிறுவனம் வியாபாரத்துக்கு இடைஞ்சலாகப் பார்த்தது என்று அவர் எழுதியிருக்கிறார். முன்பு ஒரு விளம்பரத்தில் தன் மேலாடையைப் படத்திலேயே அழித்து, வெறும் தோளோடு நிற்பதுபோல் காட்டியதையும் சொல்லியிருக்கிறார். ‘வீ பிலாங்’ பாட்டின் வீடியோவில் அவர் முகமும் காற்றில் அலையும் துணிகளுமே அதிகம் தெரியும், வயிறு தெரியாது. பாட்டென்னவோ அவருடைய மிகச் சாந்தமான வெற்றி. டேவிட் எரிக் லோவனும் டான் நவாரோவும் எழுதியது. குழந்தைகள் குழுப்பாடல் பின்னணியில் சேர, ராக் கோபமே இல்லாமல் மறுபடி ஐந்தாம் இடம்.

அதன் பிறகு சரிவு. 1985-இல் ஒரு படத்துக்காகப் பாடிய ‘இன்வின்சிபிள்’ பத்தாம் இடம் பிடித்தது. அதுவும் ஹாலி நைட் பங்களிப்புதான். ஆனால் அதைத் தாங்கி வந்த ‘செவன் தி ஹார்ட் வே’ 26-ஆம் இடத்தோடு நின்றது. மூன்று வருட ஓய்வுக்குப் பின் 1988-இல் ‘வைட் அவேக் இன் டிரீம்லாண்ட்’. அதிலிருந்த ‘ஆல் ஃபயர்ட் அப்’ ஆஸ்திரேலியர் கெரின் டோல்ஹர்ஸ்ட் எழுதிய பாட்டு. அந்த நாட்டில் இரண்டாம் இடம், அமெரிக்காவில் 19. அவருக்கு அமெரிக்காவில் முதல் இருபதுக்குள் வந்த கடைசிப் பாட்டு அது. 1991-இல் அவர் புளூஸ் பக்கம் திரும்பிவிட்டார்.

சரிவுக்குக் காரணம் குரல் இல்லை. ‘ஆல் ஃபயர்ட் அப்’ கேட்டவர்கள் அதை ஒத்துக்கொள்வார்கள். நாற்காலிக்கு டினா டர்னர் வந்துவிட்டார், ஒரே சமயத்தில் இருவருக்கு இடம் கொடுக்கத் தொழிலுக்கு மனமில்லை. ராக் இசையே கீபோர்டுப் பளபளப்புக்குள் போனதும், ஜிரால்டோவும் அதன் பின்னாலேயே போனதும் கூடச் சேர்ந்துகொண்டன. ‘பேட்டில்ஃபீல்ட்’ பாட்டில் துணிச்சலாக இருந்த எந்திர ஒலி இரண்டு ஆல்பம் தள்ளி வெறும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பழி நிறுவனத்தின் மேல் மட்டும் போடக்கூடியது அல்ல.

2022-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் சேர்க்கப்பட்டபோது அறிவிப்பில் பேட் பெனட்டார், நீல் ஜிரால்டோ என்று இரண்டு பெயர்களும் இருந்தன. ஆல்பம் அட்டைகளில் வராதது அங்கே வந்தது. அதே ஆண்டு, துப்பாக்கிச் சூடுகளில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களை மனத்தில் வைத்து, ‘ஹிட் மீ வித் யுவர் பெஸ்ட் ஷாட்’ பாட்டை இனி மேடையில் பாடப்போவதில்லை என்று பெனட்டார் சொன்னார். ‘ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்’ எழுதியவர் அப்படிச் சொன்னதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் ஹிட் தொகுப்பில் தொடங்க வேண்டாம். ‘கிரைம்ஸ் ஆஃப் பேஷன்’ ஆல்பத்தின் முதல் ஐந்து பாடல்களை வரிசை மாற்றாமல் கேளுங்கள். அடுத்து ‘பிராமிசஸ் இன் தி டார்க்’, பிறகு ‘லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்’. அவர் முப்பது வயதுக்குள் செய்து முடித்த வேலையின் அளவு அந்த ஏழு பாடல்களில் தெரிந்துவிடும்.